பெயரும் ஊரும்: மணிமங்கலத்து வாக்காளரைக் குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாய் மேற்கே செல்வோர் அடையும் மணிமங்கலம், வரலாறு பயின்றார்க்குப் புதியதோர் ஊரன்று. பல்லவ வேந்தனாகிய முதலாம் நரசிம்மவர்மன் சளுக்கியன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களாகக் கூரம் செப்பேடு அடுக்கிச் சொல்லும் ஊர்களுள் இதுவும் ஒன்று. சோழர் காலத்தில் இஃது உலோகமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்றும், இராஜசூளாமணிச் சதுர்வேதிமங்கலம் என்றும் பெயர் மாறி மாறி வழங்கியதை இங்குள்ள இராஜகோபாலப் பெருமாள் கோயிற் கல்வெட்டுக்களால் அறிகின்றோம். ஓர் ஊர் தன் பெயரைப் பலமுறை மாற்றிக்கொண்டும் இருந்த இடத்தில் இருத்தல் கூடும். ஓர் ஆள் தன் ஊரை மாற்றிக்கொண்டால் அவன் பெயர் எவ்வூரில் நிற்கும்? தேர்தற் பருவந்தோறும் இவ்வட்டாரத்திற் பல்லாயிரவரைத் தொடும் வினா இதுவே. இக்கட்டுரை அதனை ஆராய முயல்வது.

மணிமங்கலத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரும் தென்மேற்கே ஒரகடமும் உள்ளன. 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலை வேலை தொடங்கிய நாள்முதல் இந்நிலத்தின் தோற்றமே மாறிவிட்டது. ஏரியும் நெல்வயலுமாய் இருந்த ஊர்களில் மோட்டார் வண்டிகளும், கைப்பேசிகளும், அவற்றின் உறுப்புக்களும் செய்யுந் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. விழுப்புரம், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி, பீகார், ஒரிசா, அஸ்ஸாம் முதலிய தொலைநாடுகளிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்டிரும் வந்து குடியேறினர். வல்லம்-வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற விடுதி ஒன்றில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு சிறு நகரத்து மக்கள் முழுவதும் ஒரு மதிலுக்குள் உறைவதை ஒக்கும் இது. அப்பெண்களின் வாக்கு எவ்வூர்ச் சாவடியில் இருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே.

நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குடவோலையால் வாக்களித்தனர் என்று மேடைதோறும் பேசக் கேட்கின்றோம். கல்வெட்டைப் படித்துப் பார்ப்பார்க்கு அவ்வாறு சொல்லத் துணிவு வாராது. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகனுடைய 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919-லும் 921-லும், பொறிக்கப்பெற்ற சாசனங்கள் இரண்டு. அவற்றின்படி ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. பிந்திய சாசனம் விதிப்பது வருமாறு: கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாய், தன் மனையிலே வீடெடுத்து இருப்பவனாய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவனாய், வேதம் வல்லவனாய் உள்ளான் பெயரே ஓலையில் எழுதத்தக்கது. முன் மூன்றாண்டினுள் வாரியஞ் செய்தானும், வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதானும், அவனுடைய நெருங்கிய சுற்றத்தாரும் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதானை விலக்கிய இவ்விதி ஒன்றை மட்டும் இன்றும் கடன் வாங்கலாம் என்பது என் எண்ணம். எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இது திருவுளச் சீட்டேயன்றி வாக்களிப்பன்று. ஓலைக்குடத்தின் கட்டவிழ்த்து ஓலை எடுப்பதை அகநானூற்று 77-ஆம் பாட்டில் மருதனிளநாகனார் ஓர் உவமையாகக் காட்டியிருத்தலின், குடத்தின் பழமை பராந்தகனுக்கும் முற்பட்டது. எனினும் குடம் பழமையானது என்பதால் உரிமையும் பழமையானது ஆகிவிடாது.

சாசனத்தில் நாம் கருதத்தக்கது வேறொன்று. தெரிந்தெடுத்தலுக்கு முதற்படி பெயர் எழுதுதலே. யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதலாகாது என்னும் வரையறையிலேயே அனைத்தும் அடங்கிவிடுகின்றது. ‘தன் மனையிலே வீடு’ என்ற ஒரு தொடர், வாடகை வீட்டில் வாழ்வாரை ஒரே வீச்சில் வெளியே நிறுத்திவிட்டது. உழுவாரும், தொழில் செய்வாரும், பெண்டிரும் குடத்தின் அருகே வந்ததில்லை.

பெண்டிரின் பெயர் நம் குடியரசின் முதற் பொதுத்தேர்தலிலும் சிக்கலை விளைத்தது. 1951-52-இல் நிகழ்ந்த அத்தேர்தலுக்கு ஏறத்தாழ 17 கோடி வாக்காளரைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிட வேண்டியிருந்தது. வடநாட்டிற் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரை அயலார்க்குச் சொல்ல மறுத்து, இன்னாருடைய தாய், இன்னாருடைய மனைவி என்றே எழுதுவித்தனர். சென் அதனை ஏற்றிலர். தம் பெயரால் எழுதப்படாதார்க்கு வாக்கில்லை என்று அவர் உறுதியாய் நின்றமையால், ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் அம்முறை வாக்கிழந்தனர். இது கடுமை என்றே பலர் கூறினர். ஆயினும் அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் பெயர் சொல்லப் பழகினர் என்பதும், ஒருவர் பெயர் பிறரொருவர் பெயரின் நிழலில் நிற்கலாகாது என்னுங் கொள்கை அன்றே நிலைபெற்றது என்பதும் மறுக்கற்பாலன அல்ல.

இனி, சட்டம் யாது கூறுகின்றது எனக் காண்போம். 1950-ஆம் ஆண்டு மக்கட் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிய வயதுடையவராய் ஒரு தொகுதியிற் ‘சாதாரணமாகக் குடியிருப்பவர்’ எவரும் அத்தொகுதியின் பட்டியலிற் சேரத்தக்கார் என்கின்றது. வயது 21 என்றிருந்ததை அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தம் 1989-இல் 18 ஆக்கியது. குடியிருத்தல் என்பதற்கு 20-ஆம் பிரிவு விளக்கந் தருகின்றது: ஓரிடத்தில் வீடு உடையன் என்னும் ஒன்றினாலேயே ஒருவன் அவ்விடத்துக் குடியிருப்பவன் ஆகான், தற்காலிகமாய் வெளியூர் சென்றிருத்தலினாலேயே குடியிருப்பு இழந்தவனும் ஆகான். உத்தரமேரூர் விதியை இது தலைகீழாய்க் கவிழ்த்தமை காண்க. மனை வேண்டா; வாழ்க்கை வேண்டும். 17, 18-ஆம் பிரிவுகள் ஒருவர் பெயர் இரண்டிடத்தில் இருக்கலாகாது என்று தடுக்கின்றன.

இவ்விளக்கம் எளியதாய்த் தோன்றினும், ‘நீ குடியிருப்பது இங்கன்று’ என்று ஓர் அரசு சொல்லிவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழர் சரித்திரத்திலேயே சான்றுண்டு. இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த தமிழர், 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்தனர். தம்மவரைப் பாராளுமன்றத்துக்கும் அனுப்பினர். 1948-ஆம் ஆண்டு 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டமும், 1949-ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கி வாக்கையும் பறித்தன. அதன்பின், வாக்கில்லாதார் குடியிருந்த அறைகளைச் செப்பனிட எவருக்கு அவசரம் இருந்தது? எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் வந்தபோது, பறித்த நாளிற் குழந்தைகளாயிருந்தோர் முதியோராயிருந்தனர். நம் நாட்டில் அத்தகைய சட்டம் எதுவும் தொழிலாளரைத் தடுக்கவில்லை. தடுப்பன சிறியவை, சிறியவையாதலாலேயே கண்ணுக்குத் தெரியாதவை.

2025 நவம்பர் 4-ஆம் நாள் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் வீடுவீடாய்ப் படிவம் கொடுத்தனர். இவ்வலுவலருட் பெரும்பாலார் அங்கன்வாடி ஊழியரும், ஆசிரியரும், சிற்றூர் அலுவலருமே. தம் அன்றாட வேலையோடு இதனையும் சுமப்பவர்கள். அவர்களுக்குத் துணையாய்ப் படிவம் நிரப்பிக் கொடுக்க யானும் என் வகுப்பினர் நால்வரும் சில மாலைப்பொழுதுகளில் மணிமங்கலத்து வரிசை வீடுகளுக்குச் சென்றோம். வரிசை வீடாவது, ஒரு நீண்ட கட்டடத்தைப் பத்துப் பன்னிரண்டு அறைகளாய்த் தடுத்து, அறைக்கு நால்வர் ஐவராய்த் தொழிலாளரைக் குடிவைப்பது. இரவு வேலைக்குச் செல்வோரும் பகல் வேலைக்குச் செல்வோரும் ஒரே பாயை மாறிமாறிப் பயன்படுத்தும் அறைகளையும் கண்டோம்.

முதற் சிக்கல் முகவரி. வாடகைக்கு விட்டவர் ஒருவர், குடியிருப்போர்க்கு எழுத்தில் எதுவும் தர இயலாதென்று கதவைச் சாத்திவிட்டார். தந்தால் வரி கூடும் என்பது அவர் அச்சம். பதிவுசெய்த வாடகைப் பத்திரம் அங்கு எவரிடத்தும் இல்லை. மின்கட்டண இரசீதோ வீட்டுக்காரர் பெயரில் உள்ளது. ஈண்டுத் தொண்டு செய்வார் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புதிதாய்ப் பெயர் சேர்க்கும் 6-ஆம் படிவம் சில ஆவணங்களைக் குறித்துவிட்டு, அவற்றுள் ஒன்றும் இல்லாதார் இடத்தை அலுவலர் நேரிற் சென்று பார்த்தல் கட்டாயம் என்கின்றது. ஆகவே, தாளில்லை என்பதாலேயே ஒருவரைத் திருப்பியனுப்புதல் முறையன்று. இவ்வொரு வரியை அறிந்த தொண்டர் ஒருவர், அறியாத பத்துப்பேர் செய்யும் வேலையைச் செய்வார்.

இரண்டாஞ் சிக்கல் மனத்தில் உள்ளது; அதுவே பெரிது. திருவண்ணாமலைப் பக்கத்துத் தொழிலாளர் ஒருவர், ஆறாண்டாய் இங்கிருப்பவர், “ஊர்ல பேரை எடுத்துட்டா ரேஷன் கார்டும் போயிடுமா தம்பி?” என்று கேட்டார். போகாது, குடும்ப அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் தொடர்பில்லை என்று விளக்கினோம். அவர் அமைதியுற்றாரல்லர். பின்னர் உண்மைக் காரணம் வெளிப்பட்டது. அவருடைய ஊரில் ஊராட்சித் தலைவர் தேர்தல் மிகச் சில வாக்குகளால் முடிவாவது. தம் வீட்டு வாக்குக் குறைந்தால் உறவினர் முன் தலைகுனிய வேண்டும் என்றார்.

இதனை அறியாமை என்று தள்ளலாகாது. தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு உரிய பட்டியல், சட்டமன்றப் பட்டியலை அடியொற்றியே அமைக்கப்படுகின்றது. சட்டமன்றத்துக்குரிய பெயரை மணிமங்கலத்துக்கு மாற்றினால், சொந்த ஊரின் ஊராட்சி வாக்கும் உடன் வந்துவிடும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நிகழ்ந்தபோது, ஊரக வாக்காளர் ஒவ்வொருவரும் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நால்வர்க்கு வெவ்வேறு நிறச் சீட்டுக்களில் வாக்களித்தனர். அத்தொழிலாளர் அறைக்குக் குடிநீர் வருவதும், தெருவிளக்கு எரிவதும், மழைநீர் வடிவதும் இந்நால்வர் கையில். அவர்தம் தாய் தந்தையர் இருக்கும் தெருவுக்கு இவை வருவதோ வேறு நால்வர் கையில். ஓர் உடலுக்கு இரண்டு ஊர். ஒரு பெயருக்கு ஓர் ஊர். எதனை விடுவது என்று அவருக்குச் சொல்லும் உரிமை எமக்கில்லை எனக் கருதி, இரண்டு வழியையும் விளக்கி, மாற்ற விரும்பினால் நிரப்ப வேண்டிய 8-ஆம் படிவத்தைக் கொடுத்து வந்தோம். அவர் அதனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பின் என் செய்தார் என அறியோம்.

தேர்தல் நாளில் சொந்த ஊருக்குப் போய் வாக்களிப்பது மூன்றாவது வழி. குடிக்கணக்குக்காக அவரவர் தத்தம் முன்னோர் ஊருக்குப் பயணப்பட்ட செய்தி லூக்கா சுவிசேஷத்தில் உண்டு. கருவுற்ற மரியாளோடு யோசேப்பு நடந்த வழி அது. இன்று நடக்க வேண்டியதில்லை. சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-பி பிரிவு, வாக்குரிமையுள்ள தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் வாக்குப்பதிவு நாளில் ஊதியத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கின்றது. நாட்கூலிக்காரரும் இதில் அடங்குவர். இதனை ஒப்பந்தத் தொழிலாளரிடம் நாங்கள் சொன்னபோது பலர் புதிதாய்க் கேட்பவர்போலக் கேட்டனர். விழுப்புரத்தார்க்கு ஒரு நாள் போதும். ஒரிசாவின் உட்பகுதிக்குப் போய் மீள்பவர்க்கு அவ்வொரு நாள் இரயிலிலேயே கழியும். இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கத்தக்க ஒரு பொறியை, 72 தொகுதிகளை ஒரே சாவடியில் கையாள வல்லது என்று கூறி, தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூட்டிய இடத்தில் எதிர்க்கட்சிகள் பல ஐயம் எழுப்பின. பிறமாநிலத்தார் பெயர் இங்குப் பட்டியலிற் சேர்ந்தால் நம் அரசியல் மாறிவிடுமே என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சத்தை யான் எள்ளேன். எனினும் சட்டம் கேட்பது ஒருவர் எங்கு வாழ்கின்றார் என்பதையே அன்றி, எம்மொழி பேசுகின்றார் என்பதை அன்று; கோலாலம்பூரிலும் கண்டியிலும் நம்மவர்க்கு எவ்விதி வேண்டுமென்று கேட்டோமோ, அவ்விதியையே இங்கும் கொள்ளுதல் நேர்மை.

இனி விழுக்காட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 19-ஆம் நாள் நிகழ்ந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் 69.72 விழுக்காட்டினர் வாக்களித்தனர். தர்மபுரியில் 81.20, மத்திய சென்னையில் 53.96. தமிழ்நாட்டிலேயே மிகுதியான வாக்காளரை, 23 இலட்சத்துக்கு மேற்பட்டோரை, உடைய ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில் 60.25. இதனைக் கண்டு நகரத்தார் சோம்பர் என்றும் படித்தவர் பொறுப்பிலர் என்றும் பத்திரிகைகள் இடித்துரைப்பது வழக்கமாகிவிட்டது. சோம்பல் இல்லை என்று யான் சொல்லவில்லை. ஆயினும் விழுக்காடு என்பது ஒரு வகுத்தற் கணக்கு; மேலெண்ணை மட்டும் நோக்கிக் கீழெண்ணை நோக்காமை பிழை. ஒரு சாவடியில் 1,000 பெயர் இருக்க 600 பேர் வாக்களித்தால் 60 விழுக்காடு. அவ்வாயிரத்தில் 150 பேர் இறந்தவரும் இடம்பெயர்ந்தவருமாயின், அப்பெயர்களை நீக்கிய அளவில், ஒருவர்கூட மிகுதியாய் வாராமலே விழுக்காடு 70-ஐத் தாண்டிவிடும். அதன் அருகே வரிசை வீடுகளில் 400 பேர் பட்டியலிற் சேராமலே வாழ்வாராயின், அவர்கள் வாராமை எந்த விழுக்காட்டிலும் தோன்றாது. ஆகவே குறைந்த விழுக்காடு நோயின் அளவை மிகுத்தும் காட்டலாம், மறைத்தும் காட்டலாம். பட்டியல் செம்மையாகாமல் வாக்களிக்க வாருங்கள் என்று ஊர்வலம் போவது, விதையாத வயலுக்கு நீர் பாய்ச்சுவதை ஒக்கும்.

செம்மை செய்தலிலும் இடர் உண்டு. மேற்கூறிய திருத்தத்தின் வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19-ஆம் நாள் வெளிவந்தது. 6 கோடியே 41 இலட்சமாயிருந்த பெயர்கள் 5 கோடியே 43 இலட்சமாய்க் குறைந்திருந்தன. நீங்கிய ஏறத்தாழ 97 இலட்சத்தில் இறந்தோர் என்று காட்டப்பட்டோர் சுமார் 27 இலட்சம்; இருமுறை பதிந்தோர் சுமார் 4 இலட்சம்; இடம்பெயர்ந்தோரும் முகவரியிற் காணப்படாதோரும் 66 இலட்சத்துக்கு மேல். இம்மூன்றாம் எண்ணில்தான் நம் வரிசை வீட்டார் உளர். சொந்த ஊரில் ‘இல்லை’ என்று எழுதப்பட்டு, வந்த ஊரில் இன்னும் எழுதப்படாத ஒருவர், சட்டப்படி எல்லா உரிமையும் உடையராயிருந்தும், தேர்தல் நாளில் எவ்வூரினரும் அல்லர். முன்பே பட்டியலில் உள்ள பெயரை நீக்குமுன் உரியவர்க்கு அறிவித்து அவர் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் வலியுறுத்தியது. அவ்வறிவிப்பு, பூட்டிய கதவில் ஒட்டப்பட்டுக் கிடக்குமாயின் படிப்பவர் யார்? இங்கேதான் தொண்டர் வேண்டும், ஊர்வலத்துக்கன்று.

வாக்குப்பதிவு நாளுக்குரிய தொண்டைச் சுருங்கச் சொல்வேன். நாட்டு நலப்பணித் திட்ட மாணாக்கர் முதியோரையும் உடற்குறையுடையோரையும் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்வதை நேயர்கள் கண்டிருப்பர். அதனினும் அறியப்படாத பணி, அபேட்சகர்களின் வாக்குச்சாவடி முகவருடையது. விடியற்காலையில் மாதிரி வாக்குப்பதிவைக் கண்காணித்தலும், பட்டியலில் ஒவ்வொரு பெயராய்க் குறித்தலும், முடிவிற் பதிவான வாக்குக்களின் கணக்காகிய 17-சி படிவத்தின் நகலைக் கேட்டுப் பெறுதலும் அவர் கடமை. பெரிய கட்சிகளின் முகவர் அந்நகலின்றி எழுந்திரார். சிறு கட்சிகளின் முகவர் பலர் மாலைக்குள் வீடு சென்றுவிடுகின்றனர் என்று கேள்வி. மாலை 6 மணிக்கு வரிசையில் நிற்பவர் அனைவரும் வாக்களிக்கலாம்; அவர்க்குச் சீட்டு வழங்குங்கால் வரிசையின் கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்குவது முறை, பின்வந்து எவரும் ஒட்டிக்கொள்ளாமைப் பொருட்டு. இத்துணை நுட்பமாய் விதி வகுத்தவர்களை வியவாதிருக்க இயலவில்லை.

கூலிக்குக் கொடி பிடிப்பாரும் தம்மைத் தொண்டர் என்றே சொல்லிக்கொள்கின்றனர். பணங்கொடுத்தலும், அபேட்சகர் வாகனத்தில் வாக்காளரை ஏற்றிச் செல்லுதலும் 123-ஆம் பிரிவின்படி முறைகேடான செயல்கள். பணம் பாய்ந்தமையால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும், 2017-இல் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. வரிசை வீடுகளுக்கு இரவிற் பணம் வருவதில்லை; பட்டியலிற் பெயரில்லாதார்க்கு விலையும் இல்லை. அதனை நல்வினைப்பயன் என்பதா, இழிவு என்பதா என்று எம்முள் ஒரு வாதம் எழுந்து இன்னும் முடியவில்லை.

நம் விடுதி மாணாக்கரும் ஒருவகையில் அவ்வரிசை வீட்டாரே. விடுதியில் உறையும் மாணாக்கர் தம் பெற்றோர் ஊரிலோ, விடுதியுள்ள தொகுதியிலோ, இரண்டில் ஒன்றிற் பெயர் பதியலாம். விடுதியிற் பதிவோர் கல்லூரித் தலைவரிடம் சான்றிதழ் பெறல் வேண்டும். முன்பு ஜனவரி முதல் நாளன்று 18 நிறைந்தவரே அவ்வாண்டிற் சேரத்தக்காராயிருந்தனர். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய திங்கள்களின் முதல் நாள் நான்கும் தகுதி நாட்களாகியுள்ளன. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பித்துவைக்கவும் இடமுண்டு. இண்டர்மீடியட்டுக்கு ஒத்த மேனிலைப் பள்ளிக் கல்வியை முடித்துவிட்டு இவ்வாண்டு நம் கல்லூரியிற் புகுந்தோரிற் பலர் அவ்வயதினரே. அவர்க்குரியது 6-ஆம் படிவம். ஊர் மாற்றுவார்க்குரியது 8-ஆம் படிவம்.